பதினேழாம் குழாயில் நின்ற தண்ணீர்

“அக்கா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. தண்ணி நின்னுடுச்சா, இல்லை இன்னும் இறங்குதா?”

“நின்னுடுச்சுன்னுதான் டேப்பு சொல்லுது, மாப்பிள்ளை.”

“டேப்பு கிடக்கட்டும். டேப்பா தினமும் எங்க வீட்டுல வந்து சாப்பிடுது? நீங்க சொல்லுங்க.”

“நானும் அதையேதான் சொல்றேன். நாலு தடவை அளந்தாச்சு. முழுசா ஒரு வருஷம். ஒரு விரல்கடைகூட இறங்கலை.”

“அப்போ இங்கேயே இருக்கலாம்ங்கிறீங்க?”

“இருங்க.”

“தப்பாப் போச்சுன்னா உங்க தட்டுல உப்பு விழாது, பார்த்துக்குங்க.”

“இப்ப மட்டும் என்னவாம்? உங்க வீட்டம்மா சமையல்ல உப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு!”

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். கையில் இருந்த ஈரத் தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டார். உள்ளேயிருந்து தங்கை, “என் சமையலை யார் அங்கே கடிச்சுத் துப்புறது?” என்று குரல் கொடுத்தாள். சலவைக்கூடத்தின் பின்கட்டில் நடந்த அந்தப் பேச்சு மூன்று நிமிடம்கூட நீடித்திருக்காது. மறுநாள் காலை மாப்பிள்ளை, ஆற்றோர ஊரில் பார்த்து வைத்திருந்த புது இடத்துக்காரருக்குப் போன் போட்டு, “வேண்டாம்ங்க, நாங்க இங்கேயே இருந்துக்கிறோம்” என்று சொல்லிவிட்டார்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மாப்பிள்ளை இறந்து பத்து மாதம்.

அக்கா என்று தங்கை கூப்பிடுகிறாள், தெருவும் கூப்பிடுகிறது. நாமும் அப்படியே சொல்லிவிடலாம். நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவள் அளவீட்டாளர். வட்டாரம் முழுக்க முப்பத்தொரு இடங்களில், உள்ளங்கை அகலத்தில் இரும்புக் குழாய்களை மண்ணுக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. அளப்பதற்கு மட்டுமே அவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அக்கா போய், பூட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, டேப்பை உள்ளே விடுவாள். டேப்பின் நுனி தண்ணீரைத் தொட்டதும் கையிலிருக்கும் சுருள் கீச்சென்று கத்தும். அந்த இடத்தில் விரலை வைத்து, எத்தனை மீட்டர் என்று பார்த்து எழுதுவாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை. தூங்குவதற்குத்தான் அந்த அறை. சாப்பாடு, சண்டை, தொலைக்காட்சி, காய்ச்சல் வந்தால் கஷாயம் எல்லாம் தங்கை வீட்டில்.

தங்கை வீடு என்றால் சலவைக்கூடம்தான். முன்னால் கூடம், பின்னால் இரண்டு அறை. மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கே வந்து வெளுத்துத் திரும்பும். பின்கட்டில் ஓர் அகலமான பழைய கிணறு. பதினைந்து மீட்டர் ஆழம். அதன் தரை காய்ந்து பல காலமாகிவிட்டதால், தரையிலிருந்து இன்னும் பதினைந்து மீட்டருக்குத் துளை போட்டு, கிணற்றுத் தரையிலேயே பம்பை உட்கார வைத்திருந்தார் மாப்பிள்ளை. இப்படி மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்புக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் அதற்கு ஏழு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல பம்பானாலும் காற்றைத்தான் குடிக்கும்.

கிணற்றிலிருந்து இருநூறு அடி நடந்தால் பேருந்துப் பணிமனைச் சுவர். சுவருக்குப் பின்னால், டீசல் பிசுக்குப் படிந்த மண்ணில், பதினேழாம் குழாய். அந்தக் குழாயில் தண்ணீர் வருடத்துக்கு இரண்டு மீட்டர் என்று இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, பதினேழு. பிறகு பத்தொன்பது மீட்டர் நாற்பத்திரண்டில் நின்றுவிட்டது. நின்றதென்றால் அப்படியொரு நிற்பு. மழைக்காலத்திலும் அதே எண். அனல் பறக்கும் மாதத்திலும் அதே எண். ஒரு முறை நாற்பத்தொன்று, ஒரு முறை நாற்பத்து மூன்று. அது விரல் வைத்த வித்தியாசம்.

அலுவலகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் நேர்கோட்டார். வரைபடத்தில் கோடு குதித்தால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். நேராக ஓடினால் சுகமாகத் தூக்கம் வரும். பதினேழின் கோடு படுத்துவிட்டதைப் பார்த்து ஆண்டறிக்கையில் ‘இப்பகுதியில் நீர்மட்டம் நிலைபெற்றுள்ளது’ என்று எழுதினார். அக்காவைக் கூப்பிட்டு, “பாருங்கம்மா, உங்க ஏரியாதான் மாவட்டத்துக்கே மானத்தைக் காப்பாத்துது” என்றார். அக்காவுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமிதம், ஏதோ அவளே போய் அணை கட்டி நிறுத்தியது போல.

மழைக்கும் வெயிலுக்கும் அசையாத தண்ணீர் உலகத்தில் உண்டா என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. மற்ற முப்பது குழாய்களில் எண் ஒரு சாண் ஏறினால்கூட ஏன் எதற்கு என்று துருவுகிறவள் அவள். ஆனால் பதினேழாம் குழாய் நின்றால் தங்கை இங்கேயே இருப்பாள். வேண்டிய எண் வந்தது. வாங்கி எழுதிக்கொண்டாள்.

போன கோடையில் பம்பு இருமத் தொடங்கியது. ஐந்து நிமிடம் தண்ணீர், பிறகு புஸ் புஸ்ஸென்று காற்று. வந்த தண்ணீரும் சோப்பில் நுரைக்க மறுத்தது, விரிப்புகளில் துருக்கறை. மாப்பிள்ளை பம்பு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். பேசுவதைவிட இருமுவது அதிகம். இறங்கிப் பார்த்தார். வாஷரை மாற்றினார். இரண்டாவது முறை வந்து, உறிஞ்சுகுழாயின் இணைப்பையெல்லாம் கழற்றி மாட்டினார். மூன்றாவது முறை மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “பம்புல ஒண்ணும் இல்லைங்க. தண்ணிதான் இல்லை” என்றார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் லேசில் கோபப்படுகிற ஆள் இல்லை. “இருநூறு அடி தள்ளி எங்க அக்கா அளக்குறாங்க. பத்தொம்பது மீட்டர்ல தண்ணி நிக்குது. பம்பு இருக்கிற இடத்துல இருந்து நாலரை மீட்டர். எட்டாம போகுமா? வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போய்யா.”

மெக்கானிக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை அக்காவிடம், “நீங்க பொய் சொல்லமாட்டீங்க அக்கா, பம்புதான் பொய் சொல்லுது. நானே ஒரு கை பார்த்துடறேன்” என்றார். அவள் தலையாட்டினாள். ஜாக்கிரதையாக இறங்குங்கள் என்றுகூடச் சொன்னதாக அவளுக்கு நினைவு. சொன்னாளா இல்லையா என்று இப்போது நிச்சயமில்லை.

மறுநாள் முற்பகலில் வாடகைக் கடையிலிருந்து பெட்ரோலில் ஓடும் சின்ன எஞ்சின் பம்பு ஒன்றை எடுத்து வந்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். ஏணியில் தானும் இறங்கினார். எஞ்சினைக் கிளப்பினார். பதினைந்து மீட்டர் குழிக்குள் எஞ்சின் புகை போக வழியில்லாமல் தங்கியது. அதிலிருக்கும் விஷவாயுவுக்கு வாடை கிடையாது. தலை கிறுகிறுக்கும், கால் சொல்பேச்சு கேட்காது, அவ்வளவுதான். மேலே கூடத்தில் தங்கைக்கு எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘அப்பாடா, ஓடுது’ என்று அவள் நிம்மதியாக, ஐம்பது விரிப்புகளைத் தொட்டியில் எடுத்துப் போட்டு, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

அழுது முடித்த பிறகு தங்கைக்கு ஒரு கேள்வி மிஞ்சியது: அவர் ஏன் இறங்க வேண்டி வந்தது? விடையும் கையோடு கிடைத்தது. மெக்கானிக். மூன்று முறை வந்தும் பம்பைச் சரிசெய்யத் துப்பில்லாமல், தண்ணீர் இல்லை என்று கதை அளந்துவிட்டுப் போனவன். அவன் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவர் இறங்கியிருப்பாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னாள். மெக்கானிக்கை யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் ஆனார்கள். அதோடு விடாமல், தொழில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அவர்மேல் மனு கொடுத்தாள். மனு மெல்ல மெல்ல நகர்ந்து, வரும் திங்கட்கிழமை விசாரணை என்று வந்து நின்றது.

அந்தக் கோபம் ஒன்றுதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது என்பதை அக்கா கண்ணால் கண்டாள். வாரத்துக்கு இரண்டு முறை லாரித் தண்ணீர் வாங்கித் தொழிலை ஓட்டினாள் தங்கை. சாப்பிட்டாள். தலை வாரினாள். மெக்கானிக்கைத் திட்டும்போது மட்டும் பழைய குரல் வந்தது.

மாப்பிள்ளை போன மறுமாதம் அக்கா வழக்கம்போல் சுற்றுக்குக் கிளம்பினாள். அந்தக் கோடையில் முப்பது குழாய்களிலும் எண் விழுந்திருந்தது. சிலவற்றில் மூன்று மீட்டர். பதினேழில் டேப்பை விட்டாள். கீச்சென்றது. பத்தொன்பது நாற்பத்திரண்டு.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணை நம்பாமல் டேப்பை மறுபடியும் உள்ளே விட்டாள்.

அலுவலகத்துக்கு வந்து இரும்பு அலமாரியைத் திறந்து, குழாய் இறக்கிய காலத்துத் தாளைத் தேடி எடுத்தாள். மொத்த ஆழம் இருபத்திரண்டு மீட்டர் நாற்பது. அது அவளுக்கு மனப்பாடம். இருபத்திரண்டில் பத்தொன்பதைக் கழித்து, ‘இன்னும் மூன்று மீட்டர் தண்ணீர் இருக்கிறது’ என்று இத்தனை காலம் கணக்குப் போட்டிருந்தாள். தாளின் அடியில் ஒரு படம் இருந்தது. குழாயின் பக்கச் சுவரில் தண்ணீர் உள்ளே வருவதற்கான கீறல்கள் பத்தொன்பது மீட்டர் நாற்பதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குக் கீழே மூன்று மீட்டருக்குக் கீறல் இல்லை; அடியில் மூடி. வண்டல் வந்து விழுவதற்காக விட்ட வால். வெளியே மண்ணில் தண்ணீர் எவ்வளவு கீழே போனாலும், வாலுக்குள் தேங்கியது தேங்கியபடி கிடக்கும். அடைத்த பாட்டிலைப் போல.

மறுநாள் தனியாகப் போனாள். மாதிரித் தண்ணீர் எடுக்கும் நீளக் குழலைக் கயிற்றில் கட்டி இறக்கி, பன்னிரண்டு தடவை மொண்டு வெளியே கொட்டினாள். கலங்கலாக, முட்டை அழுகிய வாடையோடு வந்தது. வெளியே நிஜமாகத் தண்ணீர் இருந்தால் மொண்ட பள்ளம் சற்று நேரத்தில் நிரம்ப வேண்டும். அன்றைக்கு நிரம்பவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தாள். அப்போதும் நிரம்பவில்லை. பணிமனைச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, டேப்பு மடியில் கிடக்க, பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சொன்னது உண்மை. முதல் நாளே உண்மை.

நேர்கோட்டாரிடம் போய்ச் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவைத் திறந்து மூடினார்.

“எத்தனை அளவும்மா இப்படி?”

“பதிமூணு சார்.”

“பதிமூணையும் அடிக்கணும்னா அறிக்கையெல்லாம் திருப்பி வாங்கணும். ‘நிலைபெற்றுள்ளது’ன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை வச்சு எத்தனை பேருக்கு எத்தனை கிணத்துக்கு அனுமதி போயிருக்கோ.” தாளை மடித்து அவளிடமே நீட்டினார். “அடுத்த வருஷம் பக்கத்துல ஆழமாப் புதுக் குழாய் கேட்டு எழுதிடலாம். அதுவரைக்கும் எப்பவும் போல போட்டுட்டு வாங்க. பதினேழு வருத்தப்படாது.”

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது தனக்கு ஏற்பட்டது ஆறுதல்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இனி தங்கையிடம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் மொண்ட அளவுக்குத் தண்ணீரைத் தானே ஊற்றிவிட்டு, பத்தொன்பது நாற்பத்திரண்டு என்று எழுதினாள். அதற்கடுத்த சுற்றிலும் எழுதினாள். ஒன்பது மாதம், தினமும் மாலையில் தங்கையின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்; தங்கை மெக்கானிக்கைத் திட்டும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன் கடைத்தெருவில் மெக்கானிக் எதிரே வந்தார். டயர் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம். ஒதுங்கிப் போகப் பார்த்தவளை, “அக்கா, ஒரு நிமிஷம்” என்று நிறுத்தினார்.

“சொல்லுங்க.”

“கோவிச்சுக்காதீங்க. விசாரணை வருது. உரிமம் போச்சுன்னா போகட்டும், இப்பவும் அதை வச்சு ஒண்ணும் கிழிக்கலை.” இருமினார். “எனக்கே இப்பல்லாம் சந்தேகமாப் போச்சு அக்கா. ராத்திரியெல்லாம் அந்தப் பம்பை மனசுக்குள்ளேயே கழட்டி மாட்டுறேன். எந்த வாஷரை விட்டேன், எந்த இணைப்புல காத்து வாங்குச்சுன்னு. நீங்க அளந்தது பொய்யாகாது. அப்ப நான்தான் எதையோ கவனிக்கலை. அந்த மனுஷன் என்கிட்ட எப்பவும் சிரிச்சுத்தான் பேசுவாரு.”

அவள் தோள்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணும்னு செய்யலைன்னு மட்டும்.”

“சரி” என்றாள். அன்று மாலை சாப்பிடப் போனவள், அதைச் சொல்லாமலேயே கை கழுவிவிட்டு வந்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் தங்கை போன் செய்திருந்தாள். “அக்கா, மறந்துடாத. ஆபீஸ் முத்திரையோட அந்தத் தாள். அவரு இறங்கின சமயத்துல தண்ணி எத்தனை மீட்டர்ல இருந்துச்சுன்னு. திங்கட்கிழமை அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.”

நேர்கோட்டார் கேள்வி கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். “தங்கச்சிக்கா? பாவம். கொண்டு போய்க் குடுங்க.” தாளில் இரண்டே வரி. பதினேழாம் குழாய். பத்தொன்பது மீட்டர் நாற்பத்திரண்டு. கீழே அளந்தவர் கையெழுத்து, அவளுடையதுதான்.

சலவைக்கூடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. லாரித் தண்ணீர் வந்து போன ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை. உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சூடு. சோப்பும் மருத்துவமனை மருந்தும் கலந்த வாடை. தங்கை மலைபோல் குவிந்த விரிப்புகளுக்கு நடுவில் நின்றாள்.

“வந்துட்டியா? அந்த முனையைப் பிடி. ஒத்தை ஆளா மடிச்சு மடிச்சு தோள்பட்டை கழண்டு விழுது.”

அக்கா பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு முனையைப் பிடித்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். விலகினார்கள்.

“தாள் வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்.”

“படிச்சுக் காட்டு.”

“மடிச்சு முடிக்கலாம்.”

“என்ன, உன் மூஞ்சி ஏன் இப்படித் துவைச்ச துணி மாதிரி இருக்கு? அந்த ஆபீஸ் கிழம் ஏதாவது சொல்லிச்சா?”

“இல்லை.”

“பசிக்குதா? அடுப்புல இருக்கு. உப்பு தூக்கலாப் போச்சு, முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.”

இன்னொரு விரிப்பை எடுத்தார்கள். இழுத்தார்கள். நடந்து வந்து முனைகள் சேர்ந்தபோது தங்கையின் விரல்கள் அக்காவின் விரல்கள்மேல் பட்டன. லாரித் தண்ணீரில் வெடித்த விரல்கள். அக்கா துணியை விடவில்லை.

“அந்தக் குழாய்ல தண்ணி இல்லைடி.”

“எந்தக் குழாய்ல?”

“பதினேழு. தண்ணி நிக்கலை. இறங்கிக்கிட்டேதான் இருந்திருக்கு. குழாயோட அடியில ஒரு மூடின வால் இருக்கு. அதுக்குள்ள தேங்கின தண்ணியைத்தான் மூணு வருஷமா அளந்துக்கிட்டு இருந்தேன். வெளியில மண்ணு எப்பவோ காஞ்சு போச்சு. மாப்பிள்ளை இறங்கின அன்னிக்குத் தண்ணி இருபத்தஞ்சு மீட்டருக்கும் கீழே இருந்திருக்கும். எந்தப் பம்பும் எடுத்திருக்காது.”

தங்கை சிரிக்கப் பார்த்தாள். “நீ அளந்தியே.”

“அளந்தேன். தப்பா அளந்தேன். எண்ணு அசையவே இல்லை. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தாளை எடுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கலை. நீங்க இங்கேயே இருக்கணும்னு எனக்கு இருந்துச்சு.”

இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது. தங்கை போய் அதன் விசையை அணைத்துவிட்டு வந்தாள். விரிப்பின் முனையை மறுபடியும் பிடித்தாள். பிடித்தாளே தவிர மடிக்கவில்லை.

“அவரு அன்னிக்குச் சொன்னாரே, உங்க அக்கா பொய் சொல்லமாட்டாங்கன்னு.”

“ஆமா.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

இந்தக் கேள்விக்குத்தான் அக்கா ஒன்பது மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். மற்றதற்கெல்லாம் அறியாமை என்று ஒரு பெயராவது உண்டு.

“அவரு போன மறுமாசம்.”

“மறுமாசம்னா?”

“ஒன்பது மாசம் ஆச்சு.”

தங்கை விரல்விட்டு எண்ணுவதுபோல் உதடுகளை அசைத்தாள். “நேத்து வந்து சாப்பிட்ட” என்றாள். “முந்தாநாள் வந்து சாப்பிட்ட. நான் அந்த ஆளைத் திட்டினப்பல்லாம் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்ட. ஒரு நாள் என் தலையைத் தடவிவிட்டியே, ‘விடுடி, விடுடி’ன்னு. அன்னிக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. துவைத்து எடுத்த துணி. மறுபடியும் துவைக்க வேண்டும். தங்கை அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. சட்டென்று குனிந்து, பக்கத்திலிருந்த தலையணை உறைக் கட்டைத் தூக்கி வீசினாள். அது அக்காவின் தோளில் பட்டு விழுந்தது. இன்னொன்றைத் தூக்கினாள். கை ஓய்ந்து கீழே போட்டாள்.

“எஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றாள். “நான் குழாயைத் திறந்து வச்சுட்டு நின்னேன். வரும் வரும்னு. நீ சொன்ன தண்ணிக்கு.”

அக்காவின் கண்ணிலிருந்து கண்ணீர் இறங்கியது. துடைத்தால் அதுவும் ஒரு நடிப்பாகிவிடுமோ என்று அப்படியே விட்டாள். தங்கை அழவில்லை. அவள் முகம், கொதிநீரில் போட்டு எடுத்த துணிபோல் நிறமே இல்லாமல் இருந்தது.

“போ” என்றாள். “இனிமே இங்க வராத.”

“சரி.”

“சரின்னு சொல்லாத. நீ சரின்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

அக்கா நகரவில்லை. கால் நகர்ந்துவிட்டால் மீதி இருப்பதும் உள்ளேயே தங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது மாதமாக அவளுக்கு அதுதான் பழக்கம்.

“இன்னும் ஏன் நிக்கிற? மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா? அதைக் கேக்கத்தான் நிக்கிறியா?”

“இல்லைடி. அது நான் கேக்கக் கூடாது.”

“பின்னே என்னதான் வேணும் உனக்கு?”

அக்கா கையிலிருந்த விரிப்பு முனையைக் கீழே வைத்தாள்.  

“மெக்கானிக்கை விட்டுடு. அந்த மனுஷன் முதல் நாளே உண்மையைச் சொன்னாரு. தண்ணி இல்லைன்னு சொன்னது அவரு, இருக்குன்னு சொன்னது நான். திங்கட்கிழமை அந்த மனுல அவரு பேரை அடிச்சுட்டு, என் பேரை எழுது.”